கென்ட்ரிக் லமாரை முதல் தடவை முழுசாகக் கேட்பது எப்படி

அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரைக் கேட்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். யூடியூபில் 'ஹம்பிள்' பார்க்கிறார்கள், பிடிக்கிறது. அப்புறம் 'நாட் லைக் அஸ்', அதுவும் பிடிக்கிறது. சரி, இந்த ஆள் பாடியதையெல்லாம் கேட்டுவிடலாம் என்று ஏதோ ஒரு ப்ளேலிஸ்ட்டைப் போட்டால், ஒரு பாட்டில் கீச்சுக்குரல், அடுத்ததில் யாரோ குடித்துவிட்டு அழுகிறார், நடுவில் ஒரு அம்மா போனில் வண்டியைக் கேட்டுத் திட்டுகிறார், தலையும் புரிவதில்லை வாலும் புரிவதில்லை. அதோடு மூடி வைத்துவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் விட்டேன். திரும்பி வர இரண்டு வருஷம் ஆனது, அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான். உங்களுக்கு அது நடக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லமாருக்கு ஒரு பாட்டு என்பது ஒரு அத்தியாயம். ஆல்பம்தான் புத்தகம். இதை ஏற்றுக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ஏழாவது வாரத்தை மட்டும் கிழித்து எடுத்துப் படித்தால் எப்படி இருக்கும், ப்ளேலிஸ்ட்டில் அவரைக் கேட்பது அப்படித்தான் இருக்கும். அதனால் கேட்பதற்கு முன்னால் போனில் சில வேலைகளைச் செய்துவிடுங்கள். பாட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் ஒன்றோடொன்று கலக்கும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள், ஏனென்றால் இவர் பாட்டு முடிந்த பிறகு வரும் பேச்சில்தான் கதையை நகர்த்துகிறார், அந்தப் பேச்சின் மேல் அடுத்த பாட்டின் பீட் (தாள இசை) ஏறிவிட்டால் போச்சு. கெட்ட வார்த்தைகளை வெட்டிய 'க்ளீன்' பதிப்பைப் போடாதீர்கள், அதில் வரிகள் ஓட்டை ஓட்டையாக இருக்கும். நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது, சாதாரண இயர்போன் என்றாலும் பரவாயில்லை, ஆனால் போன் ஸ்பீக்கர் வேண்டாம். பின்னால் மெல்லிசாக ஓடும் குரல்கள் அதில் கேட்கவே கேட்காது.

வரிகளைப் பொறுத்தவரை என் பழக்கம் இது: முதல் தடவை எதையும் படிக்காமல் காதால் மட்டும் கேட்பது, இரண்டாம் தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது. முதல் தடவை பாதி புரியாது, அதில் தப்பே இல்லை, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் அவருடைய ஊரான காம்ப்டனின் தெருப்பேச்சு உடனே பிடிபடுவதில்லை. ஆனால் குரல் மாறுவது புரியும். இவர் குரலை ஒரு நடிகர் மாதிரி மாற்றுவார்: சின்னப் பையனுக்கு ஒரு குரல், மனசாட்சிக்கு ஒன்று, இறந்துபோன நண்பனின் அண்ணனுக்கு ஒன்று. யாரோ வேறொருவர் பாடுகிறார் என்று நினைத்த இடங்களில் பாதிக்குமேல் அவரேதான். இப்போது பேசுவது யார் என்ற கேள்வியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு கேளுங்கள், வார்த்தை புரியாவிட்டாலும் கதை ஓரளவு புரியும். கூடவே லாஸ் ஏஞ்சலஸ் வரைபடத்தைத் திறந்து தெற்கே காம்ப்டன் எங்கே, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ரோஸ்க்ரான்ஸ் அவென்யூ எங்கே என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவர் பாட்டில் தெருப் பெயர்கள் சும்மா வருவதில்லை, எந்தத் தெருவில் எந்த கேங் என்பது அங்கே உயிர் பிரச்சினை. சிவப்பு நிறம் என்றால் ப்ளட்ஸ் என்ற கேங், நீலம் என்றால் க்ரிப்ஸ் என்ற கேங். ஆரம்பத்துக்கு இது போதும்.

சரி, எதில் ஆரம்பிப்பது? சந்தேகமே வேண்டாம், 2012 அக்டோபரில் வந்த 'குட் கிட், மேட் சிட்டி'. அட்டையிலேயே 'கென்ட்ரிக் லமாரின் ஒரு குறும்படம்' என்று போட்டிருப்பார்கள், அதை அப்படியே நம்பிக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆப்பில் பல நேரம் டீலக்ஸ் பதிப்புதான் முதலில் வரும். கதை 12வது பாட்டான 'காம்ப்டன்' முடியும்போது முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் கூடுதல் பாட்டுகள், அவற்றை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை எளிது. 17 வயதுப் பையன் அம்மாவின் வேனை எடுத்துக்கொண்டு ஷெரேன் என்ற பெண்ணைப் பார்க்கப் போகிறான். அவள் வீட்டு வாசலில் கறுப்பு ஹூடி போட்ட இருவர் நிற்கிறார்கள். அந்த இடத்தில் பாட்டு நின்று போன் அடிக்கிறது. எடுக்கவில்லை, வாய்ஸ் மெயிலுக்குப் போகிறது. அம்மா வண்டி எங்கே என்று கேட்கிறார், பிள்ளைகளுக்குப் பசிக்கிறது என்கிறார், பின்னால் அப்பா தன் டாமினோ கட்டைகள் எங்கே என்று கத்துகிறார். அது லமாரின் சொந்த அம்மா, அப்பா குரல். அங்கிருந்து கதை கொஞ்சம் பின்னால் போகிறது: நண்பர்களோடு காரில் சுற்றுவது, ஒரு வீட்டில் திருடப் போவது, போலீஸ் விளக்கு பின்னால் தெரிவது. 'பேக்ஸீட் ஃப்ரீஸ்டைல்' பாட்டைத் தனியாகக் கேட்டு வெறும் பீற்றல் என்று நினைப்பவர்கள் நிறைய பேர், ஆனால் கதைக்குள் அது காரின் பின் சீட்டில் உட்கார்ந்து நண்பர்கள் முன்னால் கெத்து காட்டும் ஒரு விடலைப் பையனின் பேச்சு. இடம் தெரிந்தால் அர்த்தமே மாறிவிடுகிறது. 'பொயட்டிக் ஜஸ்டிஸ்' பாட்டில், பின்னால் இவரோடு மோதப்போகும் ராப்பர் டிரேக் வருகிறார், அப்போது அவர்கள் நண்பர்கள். அதே பாட்டின் கடைசியில்தான் கதை மறுபடி ஷெரேன் வீட்டு வாசலுக்கு வந்து, அந்த ஹூடிக்காரர்கள் பையனிடம் நீ எந்த ஏரியா என்று கேட்கிறார்கள். 'ஸ்விம்மிங் பூல்ஸ்' பாட்டை ஊரே குடி கொண்டாட்டப் பாட்டாக ஆடித் தீர்த்தது. ஆல்பத்தில் அது முடிந்ததும் பழிவாங்கப் போகிறார்கள், துப்பாக்கி வெடிக்கிறது, ஒரு நண்பன் செத்துப்போகிறான்.

அடுத்து வருவதுதான் 12 நிமிஷப் பாட்டு, 'சிங் அபௌட் மீ, ஐயாம் டையிங் ஆஃப் தர்ஸ்ட்'. இதை பஸ்ஸில் கேட்காதீர்கள், ராத்திரி தனியாக உட்கார்ந்து கேளுங்கள். முதல் வெர்ஸை (நம் பாட்டில் சரணம் மாதிரி) பாடுவது செத்தவனின் அண்ணன். நான் போய்விட்டால் என்னைப் பற்றிப் பாடு, உன் ஆல்பம் வருவதற்கு முன்னால் நான் செத்துப்போனால் என்று சொல்லிக்கொண்டே வருகிறான், அந்த வாக்கியம் முடிவதற்குள் சுடும் சத்தம், குரல் அறுந்துவிடுகிறது. பீட் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. இரண்டாவது வெர்ஸ் ஒரு பெண்ணுடையது, கீஷாவின் தங்கை. என் அக்கா கதையை எடுத்து நீ பாட்டாகப் போட்டாய், யாரைக் கேட்டுப் போட்டாய் என்று லமாரையே கேட்கிறாள். நான் மங்கிப் போக மாட்டேன், மங்கிப் போக மாட்டேன் என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லும்போதே ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிறது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள், நமக்குத்தான் கேட்பதில்லை. வால்யூமைக் கூட்டிப் பாருங்கள், அடியில் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். நான் முதல் தடவை போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து இயர்போனைக் கழற்றிப் பார்த்தேன். புரிந்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது வெர்ஸில் இந்த இருவருக்கும் லமார் தானே பதில் சொல்கிறார். பாட்டின் இரண்டாம் பாதி முடிந்ததும் வெறிபிடித்து நிற்கும் பையன்களை ஒரு வயதான அம்மாள் நிறுத்திப் பிரார்த்தனை சொல்ல வைக்கிறார் பாருங்கள், அந்தக் குரல் கவிஞர் மாயா ஏஞ்சலூவுடையது.

அந்த ஆல்பத்தின் கடைசி அரை நிமிஷத்தையும் விட்டுவிடாதீர்கள். எல்லாம் முடிந்து, அதே ஊரைச் சேர்ந்த மூத்த ராப்பர் டாக்டர் டிரேயோடு ஊர்ப் பெருமை பாடியாகிவிட்டது, பிறகு ஒரு சின்னப் பேச்சு: அம்மா, வேனை எடுத்துட்டுப் போறேன், 15 நிமிஷத்தில் வந்துடுறேன். கேசட் சத்தம். அது கதை ஆரம்பிப்பதற்கு முந்தைய நொடி. உடனே முதல் பாட்டை மறுபடி போடுங்கள்.

இரண்டாவதாக எங்கே போவது என்றால், ஒரு படி பின்னால் போங்கள். கீஷாவின் தங்கை கோபப்பட்டாளே, அந்தப் பாட்டு 2011 ஜூலையில் வந்த 'செக்‌ஷன்.80' ஆல்பத்தில் இருக்கிறது. 'கீஷாஸ் சாங்' என்று பெயர், பாலியல் தொழிலில் தள்ளப்பட்டுச் செத்துப்போகும் ஒரு பெண்ணின் கதை. முதலில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு மறுபடி தங்கையின் வெர்ஸுக்கு வாருங்கள். தான் நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு பாட்டையே அடுத்த ஆல்பத்தில் கூண்டில் ஏற்றி விசாரிக்கிற ஆளை நான் வேறு எந்த இசையிலும் அதிகம் பார்த்ததில்லை. 'செக்‌ஷன்.80' என்ற பெயர் அமெரிக்காவில் ஏழைகளுக்கு வீட்டு வாடகை உதவி தரும் செக்‌ஷன் 8 திட்டத்தையும் 80களில் பிறந்த தலைமுறையையும் சேர்த்துக் குறிப்பது. லமாரும் 1987 ஜூனில் பிறந்தவர், பெற்றோர் 1984இல் சிகாகோவிலிருந்து காம்ப்டனுக்கு வந்தவர்கள். இந்த ஆல்பம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருக்கும், எல்லாப் பாட்டும் நிற்காது, ஆனால் 'ஏடிஹெச்டி', 'ரிகமார்டிஸ்', ராப்பர் ஜே. கோல் பீட் போட்ட 'ஹைபவர்' மூன்றையும் தவறவிடாதீர்கள்.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாட்டுகளில் கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லப் பயன்பட்ட 'என்' என்று தொடங்கும் ஒரு வார்த்தை நூறு தடவை வரும். அவர்கள் தங்களுக்குள் அதைத் திருப்பி எடுத்துப் பேசுகிறார்கள், அது அவர்களுக்கு உள்ள உரிமை. கூடவே பாடும்போது நாம் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பாட வேண்டும், அவ்வளவுதான். 2018இல் அலபாமாவில் ஒரு இசை விழாவில் லமார் ஒரு வெள்ளைக்கார ரசிகையை மேடைக்கு அழைத்து 'மேட் சிட்டி' பாட வைத்தபோது அவர் அந்த வார்த்தையையும் சேர்த்தே பாடினார், லமார் அங்கேயே பாட்டை நிறுத்தி அதைத் தவிர்க்கச் சொன்னார். நமக்கும் அதே பேச்சுதான், நாம் வெள்ளைக்காரர்கள் இல்லை என்பதெல்லாம் இங்கே சாக்கு ஆகாது.

மூன்றாவது 'டேம்', 2017 ஏப்ரல். பலர் வெளிவந்த வரிசைப்படி 2015இன் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' ஆல்பத்தை முதலில் கேட்கச் சொல்வார்கள், நான் மாற்றித்தான் சொல்வேன். 'டேம்' காதுக்கு எளிது, 14 பாட்டு, 55 நிமிஷம், 'ஹம்பிள்', 'டிஎன்ஏ' எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். இதில் வேலை வேறு மாதிரி. முதல் பாட்டில் தெருவில் எதையோ தேடும் ஒரு பார்வையற்ற பெண்ணுக்கு அவர் உதவப் போகிறார், அவள் சுட்டுவிடுகிறாள். கடைசிப் பாட்டு 'டக்வொர்த்'. டக்வொர்த் என்பது லமாரின் குடும்பப் பெயர். இதில் வருவது நிஜக்கதை: ஆன்டனி என்ற ஒருவன் ஒரு கேஎஃப்சி கடையைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறான். அங்கே கவுன்ட்டரில் வேலை செய்யும் 'டக்கி', ஆள் யார் என்று தெரிந்து, அவன் வரும்போதெல்லாம் இலவசமாகக் கோழியும் கூடுதலாக இரண்டு பிஸ்கட்டும் வைத்துக் கொடுக்கிறார். அதனால் கொள்ளை நாளில் அவரைச் சுடாமல் விடுகிறான். 20 வருஷம் கழித்து அதே ஆன்டனி நடத்தும் நிறுவனத்தில்தான் டக்கியின் மகன் பாட வருகிறான். ஆன்டனி என்பது டாப் டாக் என்டர்டெயின்மென்ட் என்ற இசை நிறுவனத்தின் நிறுவனர் ஆன்டனி டிஃப்பித், டக்கி என்பது லமாரின் அப்பா, 'குட் கிட், மேட் சிட்டி'யில் டாமினோ கேட்டுக் கத்திய அதே அப்பா. அன்றைக்குச் சுட்டிருந்தால் ஆன்டனி ஜெயிலில், மகன் அப்பா இல்லாமல் வளர்ந்து தெருச் சண்டையில் செத்திருப்பான் என்று சொல்லும்போது ஒரு வெடி, மொத்த ஆல்பமும் பின்னோக்கி ஓடி முதல் பாட்டின் முதல் வரியில் வந்து நிற்கிறது.

நீங்கள் கேட்டு முடித்த பிறகு அடுத்த நாள் இதைக் கடைசிப் பாட்டிலிருந்து முதல் பாட்டு வரை தலைகீழாகக் கேளுங்கள். நான் கற்பனையாகச் சொல்லவில்லை, 2017 டிசம்பரில் அவர்களே அந்தத் தலைகீழ் வரிசையில் ஒரு பதிப்பு வெளியிட்டார்கள். நேராகக் கேட்டால் சாவில் போய் முடியும் மனிதன், தலைகீழாகக் கேட்டால் அதிலிருந்து மெல்ல வெளியே வருகிற மாதிரி எனக்குத் தோன்றும். நேர் வரிசையில் 12வது பாட்டான 'ஃபியர்' 7 நிமிஷத்துக்கு மேல் ஓடும். 7 வயதில் அம்மாவிடம் அடி வாங்கும் பயம், 17இல் செத்துவிடுவோம் என்ற பயம், 27இல் கிடைத்ததையெல்லாம் இழந்துவிடுவோம் என்ற பயம். எந்த வரிசையில் கேட்டாலும் அது கனமாகத்தான் இருக்கும். இந்த ஆல்பத்துக்கு 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. அதுவரை செவ்வியல் இசையையும் ஜாஸையும் தாண்டி அந்தப் பரிசு போனதில்லை.

இப்போது 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'. 2015 மார்ச், 16 பாட்டு, கிட்டத்தட்ட 79 நிமிஷம். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்குங்கள். ராப் பீட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் இது பாதி ஜாஸ், பாதி ஃபங்க்: கமாசி வாஷிங்டனின் சாக்ஸஃபோன், தண்டர்கேட்டின் பேஸ், டெரஸ் மார்ட்டின், ராபர்ட் கிளாஸ்பர், முதல் பாட்டிலேயே ஜார்ஜ் கிளின்டன். முதல் தடவை இரைச்சலாகத்தான் இருக்கும். அதனால் இதற்கு ஒரு கயிறு தருகிறேன், பிடித்துக்கொண்டே போங்கள். சில பாட்டுகள் முடிந்ததும் லமார் அமைதியான குரலில் ஒரு கவிதை சொல்வார், நீ மனக்குழப்பத்தில் இருந்தாய், உன் செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தினாய் என்ற மாதிரி ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் அதே கவிதை, ஆனால் ஒன்றிரண்டு வரி கூடுதலாக. அந்தப் புதிய வரிதான் அடுத்த பாட்டுக்குள் நுழையும் வாசல். ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டே போகலாம், நான் அப்படித்தான் செய்தேன்.

அந்தக் கயிற்றைப் பிடித்துப் போனால் 'யூ' என்ற பாட்டு வரும். ஹோட்டல் அறையில் ஒருவன் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறான், அலறுகிறான், பிறகு குடித்துக் குரல் உடைந்து விக்குகிறான், கண்ணாடிப் பாட்டில்கள் உரசும் சத்தம்கூடக் கேட்கும். ஆஸ்பத்திரியில் கிடந்த நண்பனைப் போய்ப் பார்க்காமல் போன் வீடியோவில் பேசி முடித்துவிட்டாயே என்ற குற்றவுணர்வு அதில் இருக்கிறது. இதே ஆளா பாடகர் என்று சந்தேகம் வரும். அதற்கு அடுத்ததாகவே 'ஆல்ரைட்'. இதனால்தான் வரிசை முக்கியம் என்று அடித்துச் சொல்கிறேன்: எல்லாம் சரியாகிவிடும் என்ற அந்தப் பல்லவி, முன்னால் அந்த அறையைக் கடந்து வந்தவர்களுக்குத்தான் சுடும். 2015 ஜூலையில் கிளீவ்லாந்தில் கறுப்பின இயக்கத்தவர்கள் போலீஸுக்கு எதிரே நின்று அந்தப் பல்லவியைக் கோஷமாகவே போட்டார்கள், அப்புறம் அது பல ஊர்ப் போராட்டங்களுக்குப் போனது. 'ஹவ் மச் எ டாலர் காஸ்ட்' இன்னொரு நல்ல இடம். தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் பங்கில் ஒரு பிச்சைக்காரர் 10 ராண்ட் கேட்கிறார், இவர் தர மறுக்கிறார், அவர் கண்ணை எடுக்காமல் பார்க்கிறார், இவருக்குக் கோபம் ஏறுகிறது, கடைசியில் அந்த ஆள் தான் யார் என்று சொல்கிறார். 2015இல் தனக்கு மிகவும் பிடித்த பாட்டு இது என்று அப்போது ஜனாதிபதியாக இருந்த ஒபாமா சொன்னார். 2014இல் லமார் தென்னாப்பிரிக்கா போய் மண்டேலா அடைபட்டிருந்த ராபன் தீவுச் சிறை அறையைப் பார்த்துவிட்டு வந்தார், அந்தப் பயணம் ஆல்பம் முழுக்கத் தெரியும்.

கடைசிப் பாட்டு 'மார்டல் மேன்' 12 நிமிஷம். அதில் கவிதை முழுசாக வருகிறது, இவ்வளவு நேரம் அதை யாருக்குப் படித்துக் காட்டினார் என்பதும் தெரிகிறது: 1996இல் கொல்லப்பட்ட ராப்பர் டூபாக் ஷகூருக்கு. 1994இல் ஒரு ஸ்வீடன் வானொலிக்காக டூபாக் கொடுத்த பேட்டியை எடுத்து, அதற்கு நடுவில் தன் கேள்விகளை வைத்து, இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி செய்திருக்கிறார். கடைசியில் ஒரு கதை சொல்லி, நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்கிறார். பதில் இல்லை. பாக்? பாக்? என்று கூப்பிடுகிறார். அங்கேயே ஆல்பம் நின்றுவிடுகிறது.

இதற்குப் பின் வந்தவற்றில் சிலவற்றை வேகமாகக் கடக்கலாம். 2016இன் 'அன்டைட்டில்டு அன்மாஸ்டர்டு' மேற்படி ஆல்பத்தின் காலத்தில் மீந்த 8 துண்டுகள், பாட்டுகளுக்குப் பெயர்கூடக் கிடையாது, தேதிதான். பட்டர்ஃப்ளை பிடித்திருந்தால் மட்டும் கேளுங்கள். 2018இன் 'பிளாக் பாந்தர்' பட ஆல்பத்தில் பாடகி சிஸாவோடு பாடிய 'ஆல் தி ஸ்டார்ஸ்' அழகு, மற்றபடி அது பலர் சேர்ந்து பாடியது. பிறர் பாட்டில் வந்து பாடியவற்றில் 2013இன் 'கன்ட்ரோல்' ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும், பாட்டு ராப்பர் பிக் ஷானுடையது, ஆனால் லமார் வந்து தன் தலைமுறை ராப்பர்கள் 11 பேரைப் பெயர் சொல்லிச் சவாலுக்கு இழுத்ததால் அது இவர் பாட்டாகவே ஆகிவிட்டது. அந்தப் பட்டியலில் டிரேக்கும் உண்டு.

'மிஸ்டர் மொரேல் அண்ட் தி பிக் ஸ்டெப்பர்ஸ்' 2022 மே மாதம் வந்தது. முதல் பாட்டிலேயே 1855 நாட்கள் ஆயிற்று என்று ஒரு எண் வரும், 'டேம்' வந்த நாளிலிருந்து அதுவரை எண்ணினால் அவ்வளவுதான். 9 பாட்டு, 9 பாட்டு என இரண்டு பகுதி, இரண்டையும் இரண்டு நாளில் கேட்பது நல்லது. இது ஒரு மனிதன் மனநல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து பேசுகிற ஆல்பம், அதனால் முந்தையவற்றைப் போல் உங்களைக் கவர முயற்சி செய்யாது. முதல் பகுதி எனக்கு இன்னும் முழுதாக ஒட்டவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அதில் 'வீ க்ரை டுகெதர்' என்ற பாட்டு, ஒரு ஜோடி கத்திச் சண்டை போடுவது மட்டுமே. நடிகை டெய்லர் பெய்ஜ் பெண் குரல். வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வருவார்கள். ஆனால் இரண்டாம் பகுதியில் 'மதர் ஐ சோபர்' இருக்கிறது. பியானோ, போர்டிஸ்ஹெட் குழுவின் பெத் கிப்பன்ஸ் குரல், அவர் கிசுகிசுப்பது போலப் பாடுவது. சின்ன வயதில் அம்மா அடிபட்டதைப் பார்த்தது, உறவினர் ஒருவர் தவறாக நடந்தாரா என்று வீட்டார் தன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது, இல்லை என்று சொல்லியும் யாரும் நம்பாதது, எல்லாவற்றையும் அவிழ்க்கிறார். முடிவில் துணைவி விட்னி, பரம்பரையாக வந்த சாபத்தை நீ உடைத்துவிட்டாய் என்கிறார், அப்புறம் மகளின் சின்னக் குரல் நன்றி சொல்கிறது. இதையும் வரிகளைப் படித்துக்கொண்டு கேளுங்கள், இரண்டாம் தடவைக்குக் காத்திருக்க வேண்டாம்.

டிரேக்கோடு நடந்த 2024 சண்டையை இங்கேதான் வைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள், அதனால்தான் இவர் வெறும் சண்டைக்காரர் என்ற எண்ணம் பரவிவிட்டது. மார்ச்சில் ராப்பர் ஃப்யூச்சர், இசைத் தயாரிப்பாளர் மெட்ரோ பூமின் இருவரின் 'லைக் தட்' பாட்டில் வந்து வம்பைத் தொடங்கியதும், ஏப்ரல் 30 'யூஃபோரியா', மே 3 ஒரே நாளில் '6:16 இன் எல்ஏ', 'மீட் தி கிரஹாம்ஸ்', மே 4 'நாட் லைக் அஸ்' என்று அடுத்தடுத்து இறக்கினார். நடுவே டிரேக் விட்ட பதில்களையும் தேதி வரிசையில் வைத்துக் கேட்டால்தான் யார் எதற்குப் பதில் சொல்கிறார் என்று விளங்கும். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் போட்ட குற்றச்சாட்டுகளை உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இது வசைப்பாட்டு. 'நாட் லைக் அஸ்' 2025 பிப்ரவரியில் 5 கிராமி வாங்கியது, அதே மாதம் நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியான சூப்பர் பௌலின் இடைவேளை மேடையிலும் பாடினார்.

2024 நவம்பர் 22 அன்று எந்த அறிவிப்பும் இல்லாமல் 'ஜிஎன்எக்ஸ்' வந்தது. ப்யூயிக் நிறுவனத்தின் 1987 கார் ஒன்றின் பெயர், அவர் பிறந்த வருஷமும் அதே. 12 பாட்டு, 44 நிமிஷம், லாஸ் ஏஞ்சலஸின் அதிகம் தெரியாத இளம் ராப்பர்களை நிறைய இழுத்து வந்திருக்கிறார். மரியாச்சி என்ற மெக்ஸிகோ இசையைப் பாடும் டேய்ரா பரேராவின் ஸ்பானிஷ் குரலில் தொடங்குகிறது. காரில் போகும்போது கேட்பதற்கு இதைவிட நல்லது அவரிடம் இல்லை. 'ரீஇன்கார்னேட்டட்' பாட்டுக்கு மட்டும் நின்று கேளுங்கள், டூபாக்கின் பழைய பீட்டின் மேல் மூன்று பிறவிகளின் கதை.

அதில் 'ஹார்ட் பார்ட் 6' என்று ஒன்று இருக்கும், அதை வைத்துத்தான் கடைசி வேலை. 'தி ஹார்ட்' என்பது அவர் 2010 முதல் எழுதிவரும் ஒரு வரிசை. 2ஆம் பாகம் 'ஓவர்லி டெடிகேட்டட்' மிக்ஸ்டேப்பின் (ஆல்பம் மாதிரியே தொகுத்து விடும் பாட்டுத் தொகுப்பு) முதல் பாட்டு, 3, 4, 5 மூன்றும் ஆல்பம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தனியாக விட்டவை, பெரும்பாலும் ஆல்பத்துக்குள் தேடினால் கிடைக்காது, யூடியூபில் தேடுங்கள். 5ஆம் பாகத்தின் வீடியோவில் அவர் முகமே ஓ.ஜே. சிம்ப்சன், கோபி பிரையன்ட் என்று மாறிக்கொண்டே வந்து, 2019இல் சுட்டுக் கொல்லப்பட்ட ராப்பர் நிப்ஸி ஹஸ்ஸலின் முகத்தில் நின்று, அவர் குரலாகவே பேசும். சண்டையின்போது டிரேக் தன் பதில் பாட்டுக்கு 'தி ஹார்ட் பார்ட் 6' என்று பெயர் வைத்து இந்த வரிசையை மடக்கப் பார்த்தார். ஜிஎன்எக்ஸில் லமார் அந்த எண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சண்டையைப் பற்றிப் பேசாமல், காம்ப்டனுக்குப் பக்கத்து ஊரான கார்சனில் டிஃப்பித்தின் வீட்டு ஸ்டுடியோவில் அவரும் சக ராப்பர்களான ஜே ராக், ஏப்-சோல், ஸ்கூல்பாய் க்யூ எல்லாரும் காசில்லாமல் கிடந்த நாட்களைப் பாடுகிறார்.

அதைக் கேட்டு முடித்ததும் அந்த நாட்களுக்கே போங்கள். அப்போது அவர் பெயர் கே.டாட். 16 வயதில் முதல் மிக்ஸ்டேப், 2005இல் 'ட்ரெய்னிங் டே', 2009இல் ராப்பர் லில் வெய்னின் 'தா கார்ட்டர் 3' ஆல்பப் பாட்டுகளின் மேல் பாடிய 'சி4'. எல்லாம் ஆப்களில் இருக்காது, தேடித்தான் பிடிக்க வேண்டும். 'சி4' கேட்டால் குரல், இழுவை, சிரிப்பு முதற்கொண்டு லில் வெய்ன்தான் கேட்கும், லமார் கேட்க மாட்டார். அதே வருஷம் டிசம்பர் கடைசியில் கே.டாட் என்ற பெயரை விட்டுவிட்டு 'கென்ட்ரிக் லமார் ஈபி' என்று சொந்தப் பெயரில் ஒரு தொகுப்பு விட்டார். இரண்டையும் ஒரே ராத்திரியில், அதே வரிசையில் கேளுங்கள்.